கோடி இல்லாத கரை

(ஜவ்வாது மலை அடிவாரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளைக்கும் கரைக்கும் நம் நாட்டில் பழைய உறவு உண்டு. கோயிலில் விளக்கெரிக்கப் பொன் வைத்ததைப் போலவே ஏரிக்கும் பொன் வைத்தார்கள். ஊர்ச்சபையிடம் அந்தப் பொன்னை ஒப்படைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் தூர் எடுத்து, எடுத்த மண்ணைக் கரையில் போட வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கரைக்கு ஒவ்வோர் ஆண்டும் மண்ணும் ஆளும் காவலும் தேவை என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் கரைதான். வெள்ளத்திலிருந்து ஊர்களைக் காக்க ஆற்றின் ஓரத்தில் எழுப்பும் மண்கரைகள், நகரங்களில் எழுப்பும் தடுப்புச் சுவர்கள், இவற்றால் நமக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, இந்த மலையைச் சுற்றியுள்ள ஆறுகளுக்கு எந்தக் கரை பொருந்தும் என்பதே பொருள்.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும் முதல் கோரிக்கை, ‘ஆற்றுக்குக் கரை கட்டுங்கள், சுவர் எழுப்புங்கள்’ என்பது. அது நியாயமான கோரிக்கை. வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்த ஒருவரிடம் போய், கரை கட்டினால் ஆறு கெட்டுவிடும் என்று பாடம் நடத்த எனக்கு மனம் வராது. ஆனால் கரை வெள்ளத்தைக் குறைப்பதில்லை. ஓரிடத்தில் பரவியிருக்க வேண்டிய நீரை இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறது. எந்த இடத்துக்கு, யார் வீட்டுக்கு என்ற கேள்வியைக் கேட்காமல் கட்டுவதுதான் நம் காலத்துக் கரைகளின் பெரிய குறை. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இந்த மலையிலிருந்து தொடங்குகிறேன். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை, நான்கு பக்கமும் நீரை இறக்கிவிடுகிறது. செய்யாறு இங்கே பிறந்து, குப்பநத்தம் அணையைக் கடந்து, செங்கம், கலசப்பாக்கம், திருவத்திபுரம் வழியாகப் போய்த் திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கிறது. மலைபடுகடாம் பாடிய காலத்திலேயே இது ‘சேயாறு’ என்று பெயர் பெற்ற ஆறு. கிழக்கே கமண்டல நதியும் நாகநதியும் சேர்ந்து ஆரணி வழியாகச் செய்யாற்றை அடைகின்றன. மிருகண்டா நதியும் செய்யாற்றுக்கே வருகிறது. வடக்கே உத்தரகாவிரி என்றும் அகரம் ஆறு என்றும் சொல்லப்படும் ஆறு, ஒடுகத்தூர் வழியாக இறங்கி நேரே பாலாற்றுக்குப் போகிறது. மேற்குச் சரிவின் நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஆக, ஜமுனாமரத்தூரில் பெய்யும் மழைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரியும் கடலூர்க் கடற்கரையும் கணக்கு வைத்திருக்கின்றன.

இவை ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறுகள். அதனால்தான் நீர் வரும்போது இந்தப் பக்கத்து மக்கள் ‘பாலாறு வருது’ என்கிறார்கள். மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரத்தோடு போய் முதல் நீரை வரவேற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருவதே அரிதான ஆறு, வந்தால் எவ்வளவு வரும் என்பதை ஒரு தலைமுறைக்குள் ஊர் மறந்துவிடுகிறது. காவிரிக் கரையில் வாழ்பவனுக்கு ஆறு நாள்தோறும் கண்ணில் படும். பாலாற்றங்கரையில் வாழ்பவனுக்கு ஆறு ஒரு காலி மனையாகத் தெரியத் தொடங்குகிறது. இந்த மறதிதான் இங்கே முதல் ஆபத்து.

கணக்கு ஒன்று சொல்கிறேன். நூறு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் நீர் ஏறத்தாழ 700 மில்லியன் கன அடி. அதில் பாதி ஓடிவந்தாலே 350 மில்லியன் கன அடி. இந்த மலை நீரைத் தேக்கும் செண்பகத்தோப்பு அணையின் மொத்தக் கொள்ளளவு 287 மில்லியன் கன அடி. மிருகண்டா அணைக்கு 87. குப்பநத்தம் அணைக்கு 700. மூன்றையும் கூட்டினாலும் 1,100-ஐத் தொடவில்லை. இந்த அணைகள் பாசனத்துக்கு அருமையானவை. பெருமழை நாளில், அதுவும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில், வந்த நீரை அப்படியே கீழே விடுவதைத் தவிர இவற்றுக்கு வேறு வழியில்லை. ஆகவே அணை இருக்கிறது என்று அடிவாரத்து ஊர் நிம்மதியாக இருக்க முடியாது.

இப்போது 1903-க்கு வருகிறேன். அந்த ஆண்டு நவம்பரில் மைசூர் சமஸ்தானத்தின் கோலார் பக்கம் பெய்த பெருமழையில் பேத்தமங்கலம் முதலான பாலாற்று ஏரிகள் உடைந்தன. மேலே ஓர் ஏரி உடைந்தால் அதன் நீர் மொத்தமாகக் கீழே உள்ள ஏரியின் மீது போய் விழும். அதுவும் உடையும். இப்படித் திரண்ட வெள்ளம், மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இறங்கி, வாணியம்பாடியை அடித்தது. ஆற்றோரத்துப் பகுதிகள் துடைத்தெறியப்பட்டன. ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக வாணியம்பாடியில் ஒரு தூண் நிற்கிறது. இங்கிருக்கும் மாணவர்கள் அந்தத் தூணை ஒருமுறை போய்ப் பாருங்கள். வாணியம்பாடியில் அன்று பெய்த மழையால் வந்த சாவு அல்ல அது. பல காத தூரத்துக்கு அப்பால், வேறொரு அரசின் எல்லைக்குள் கரைகள் உடைந்ததால் வந்த சாவு. கரையால் காக்கப்படும் நீர், கரை உடையும்போது மழையைவிடக் கொடியதாக மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நம் பக்கத்தில் இல்லை.

அதற்குப் பிறகு அத்தகைய வெள்ளத்தைப் பாலாறு காண 118 ஆண்டுகள் ஆயின. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் கடந்தது. இடைப்பட்ட காலத்தில் நான்கைந்து தலைமுறை வந்து போய்விட்டது. ஆற்றின் கரை எது, உள்வாய் எது என்று எல்லைக்கல்லைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துவிட்டார்கள். அதே நவம்பர் 19 அதிகாலையில் பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். எத்தனை உயரத்துக்கு ஆற்றுச் சுவர் கட்டியிருந்தாலும் அந்தக் குழந்தைகளைக் காத்திருக்காது. வெள்ளத்தடுப்பு என்று சொல்லி நாம் பணம் ஒதுக்கும்போது உறுதியான வீடும் அந்தக் கணக்கில் வர வேண்டும் என்பதற்காக இதை இடையில் சொல்கிறேன்.

நம் ஏரிகளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எந்த ஏரிக்கரையையாவது கோடி இல்லாமல் கட்டினார்களா? நூல்களில் கலங்கல், கலிங்கு, மறுகால் என்பார்கள். நம் வட்டாரத்தில் ‘ஏரி கோடி போகுது’ என்றால் குழந்தைக்கும் புரியும். கரை கட்டியவன், இந்த மட்டத்துக்கு மேல் நீர் வந்தால் எங்கே போக வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்தான். கரையின் உச்சியைவிடத் தாழ்வான இடத்தில், மண் அரிக்காத பாறையிலோ கற்கட்டிலோ கோடி வைத்தான். அங்கிருந்து போகும் நீருக்கு ஓடை வைத்தான், அந்த ஓடையின் முடிவில் அடுத்த ஏரி. கோடியின் மேல் குத்துக்கற்களை நட்டு, மழைக்காலத்தின் முற்பகுதியில் அவற்றைத் திறந்தே விட்டு, பருவம் முடியும் தறுவாயில்தான் இடையில் பலகையும் களிமண்ணும் வைத்து மட்டத்தை உயர்த்துவார்கள். சேமிக்கும் ஆசையையும் உடையும் அச்சத்தையும் மாதக் கணக்கில் பிரித்து ஆண்ட அறிவு அது.

ஆற்றுக்கு நாம் இப்போது எழுப்பும் கரைகளையும் சுவர்களையும் பாருங்கள். அவற்றுக்குக் கோடி இல்லை. இத்தனை லட்சம் கன அடிக்குத் தாங்கும் என்று ஒரு வடிவமைப்பு அளவு இருக்கிறது. அதைத் தாண்டினால் நீர் எங்கே இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு வரைபடத்தில் இடமில்லை. ஆகவே நீரே இடம் தேடிக்கொள்கிறது. கரையின் மிகத் தாழ்ந்த, மிக நலிந்த இடத்தில், பெரும்பாலும் இரவில், அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாராமல் உடைக்கிறது. நம் ஊர் அமைப்பில் தாழ்ந்த இடத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டுத்தெருவைக் காக்கும் கரை காலனியின் மேல் உடைந்தால், அந்தக் கரை வெள்ளத்தை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறது.

கரை எப்படி உடைகிறது என்பதையும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் பொறியாளர்கள் மட்டுமல்ல. கரையோரத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் வகை, நீர் தலைக்கு மேல் ஏறி வழிவது. மண்கரையின் மேல் நீர் வழிந்தால், வெளிச்சரிவின் மண்ணை அது கரைத்துக்கொண்டே போகும். சில மணி நேரத்தில் கரை இருக்காது. இரண்டாவது, கரையின் உள்ளே நடப்பது. எலி வளை, நண்டு வளை, மட்கிப்போன வேர் விட்டுச்சென்ற துளை, இவற்றின் வழியாக நீர் மெல்லக் கசியும். கசிவு மண்ணை இழுக்கத் தொடங்கினால் துளை பெரிதாகும், கரை உள்ளுக்குள்ளேயே குடையப்பட்டுத் திடீரென உட்காரும். மேலிருந்து பார்ப்பவருக்குக் கடைசி நிமிடம் வரை எதுவும் தெரியாது. மூன்றாவது, கரையின் அடிக்கால் அரிப்பு. நம் ஆறுகளில் இதுதான் இன்று மிகப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. மணல் அள்ளி அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்துவிட்ட இடங்களில், முன்பு படுகைக்குள் ஆழமாகப் புதைந்திருந்த அடித்தளம் இப்போது வெளியே தெரிகிறது. பாலத் தூண்களில் இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுவருக்கும் அதுவே நேரும். மணல் அள்ளுவதை நிறுத்தாத ஆற்றில் வெள்ளத் தடுப்புச் சுவர் கட்டுவது பணத்தை ஆற்றில் விடுவதுதான்.

சுவரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மீட்டர் உயர நீர் சுவரைத் தள்ளும்போது, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் அரை டன் விசை விழுகிறது. நீர் இரண்டு மீட்டர் ஏறினால் விசை இரண்டு டன். மூன்று மீட்டர் ஏறினால் நாலரை டன். உயரம் மூன்று மடங்கானால் தள்ளுவிசை ஒன்பது மடங்காகிறது. ‘போன வெள்ளத்தில் ஒரு முழம் மேலே வழிந்தது, அதனால் இரண்டு முழம் உயர்த்திக் கட்டுங்கள்’ என்று பழைய அடித்தளத்தின் மேலேயே செங்கல்லை ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து விளங்கும்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரில் பதினேழாம் தெருக் கால்வாயின் சுவர், நீர் அதன் உச்சியைத் தொடும் முன்பே சரிந்தது. சுவருக்கு அடியிலிருந்த மண் இளகிப்போய்விட்டது. உலகின் மிகப் பெரிய பொறியியல் அமைப்புகளில் ஒன்று கட்டிய சுவர் அது. நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. தென்பெண்ணையில் தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாய் செலவில் 2020-இல் கட்டிய தடுப்பணை, 2021 ஜனவரியில் ஒரு பக்கத்திலும் அதே ஆண்டு நவம்பரில் மறுபக்கத்திலும் பெயர்ந்தது. உடைந்தது அணையின் நடுப்பகுதி அல்ல. அணை கரையோடு சேரும் ஓரங்களே போயின. அதே ஆற்றில், அதே மாதத்தில், எழுபது ஆண்டுக்கால எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமடைந்தது. கட்டுமானத்தின் பலவீனம் பெரும்பாலும் இரண்டு பொருள்கள் சேரும் இணைப்பில்தான் இருக்கும். சுவர் கட்டும்போது அதன் நடுப்பகுதியைப் பார்த்துப் பெருமைப்படாமல் அது எங்கே, எதோடு முடிகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். பாதியில் நிற்கும் சுவரைவிடச் சுவர் இல்லாத ஆறே மேல் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

பிட்டுக்கு மண் சுமந்த கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். மதுரையில் ஆண்டுதோறும் ஆவணியில் அந்தத் திருவிழா நடக்கிறது. பக்தர்களுக்கு அது சொக்கநாதரின் திருவிளையாடல். நீரியல் படித்தவன் கண்ணுக்கு அதில் ஓர் ஆட்சி ஏற்பாடும் தெரிகிறது. வைகை பெருக்கெடுத்தபோது கரையை அளந்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். யாருமற்ற கிழவியான வந்திக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லோர் பங்கும் முடிந்து அவள் பங்கு மட்டும் திறந்து கிடந்ததால் மன்னனின் பிரம்பு அங்கே வருகிறது. ஊர் முழுக்க உழைத்தாலும் அடைபடாத ஒரு பங்கு இருந்தால் கரை இல்லை என்றே பொருள். கரையின் பலம் அதன் மிக நலிந்த கெஜத்தின் பலம்தான்.

அந்தப் பங்கீடு எப்போதும் நியாயமாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்றே ஒரு கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வெள்ளத்தால் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க அது அதிகாரம் தந்தது. குடிமராமத்து வழக்கத்துக்கும் அது சட்ட வலு கொடுத்தது. மண் சுமந்தவர்கள் யார், மேற்பார்வை பார்த்தவர்கள் யார் என்பது ஊருக்கு ஊர் நமக்குத் தெரிந்த கதை. நள்ளிரவில் கொட்டும் மழையில் மதகைத் திறக்க நீரில் இறங்கிய நீர்க்கட்டிகள் பெரும்பாலும் சேரி மக்கள். அவர்களுக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு காணி நிலமும் இல்லாத ஊர்கள் ஏராளம். பழைய முறையைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்தக் கவனிப்பு. அது கூலியோடும் மரியாதையோடும் வர வேண்டும்.

செய்யாற்று நீரால் நிரம்பும் உத்திரமேரூர் ஏரியை நினைத்துப் பாருங்கள். இந்த மலையில் பெய்த மழை அங்கே போய் நிற்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறையை எல்லோரும் பேசுகிறோம். அந்த ஓலை எதற்காக? தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஆளும் காலமும் குறித்து வைத்திருந்த ஊர் அது. இன்று பாலாற்றின் அல்லது செய்யாற்றின் ஒரு குறிப்பிட்ட கிலோமீட்டர் கரைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பெயர் சொல்லி விடை கிடைக்குமா?

காவிரிக் கரையைக் கரிகாலன் கட்டியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கரைகள்தான் டெல்டாவைச் செய்தன. ஆனால் கரை கட்டிய ஆற்றின் மறுபக்கமும் உண்டு. கொள்ளிடத்தின் கடைக்கோடியில், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவிலேயே நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் என்று ஊர்கள் இருக்கின்றன. ஆற்றில் இரண்டு லட்சம் கன அடி வந்தால் அவர்கள் மூட்டை முடிச்சோடு கரைமேல் ஏற வேண்டும். 2022-இலும் ஏறினார்கள். கரை அவர்களுக்கு வெளியே இருக்கிறது, அவர்கள் ஆற்றின் பக்கம்.

இதே நிலையின் பெரிய உருவம் பீகாரின் கோசி. 1950-களில் தொடங்கி அதன் இருபுறமும் கரை எழுப்பினார்கள். இமயத்திலிருந்து வரும் வண்டல் பரவ வழியின்றிக் கரைகளுக்குள்ளேயே படிந்தது. படுகை உயர்ந்து, ஆறு சுற்றியுள்ள நிலத்தைவிட மேலே ஓடத் தொடங்கியது. ஒன்பதரை லட்சம் கன அடிக்கு வடிவமைத்த அமைப்பு, 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தின் குசாஹாவில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கன அடிக்கே உடைந்தது. முப்பது லட்சம் மக்களுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நூறாண்டுக்கு முன் விட்டுப்போன தடத்தில் ஆறு போய் ஓடியது. நாட்டில் 1954-க்குப் பின் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை கட்டியிருக்கிறோம். பீகாரில் கரையின் நீளம் கூடக்கூட, வெள்ளத்துக்கு உள்ளாகும் நிலமும் கூடியே வந்திருக்கிறது.

கோசியை அப்படியே இங்கே பொருத்த முடியாது. அங்கே படுகை உயர்கிறது, இங்கே மணல் போய்ப் படுகை தாழ்கிறது. தாழ்ந்த படுகையில் அதிக நீர் அடங்கும் அல்லவா என்று கேட்கலாம். சில இடங்களில் அடங்கும். ஆனால் ஓரிடத்தில் பள்ளம், அடுத்த இடத்தில் திட்டு, திட்டின் மேல் சீமைக்கருவேலங்காடு என்று ஆறு சீரற்றுக் கிடக்கிறது. நீர் திட்டில் மோதிக் கரையின் பக்கம் திரும்புகிறது. கரை அங்கே அரிபடுகிறது. ஆகவே நம் ஆறுகளில் கரை கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஆற்றுக்கு உள்ளே இருக்கிறது.

கரையை உயர்த்துவதற்கு வேறு வழி கண்டவர்களும் உண்டு. நெதர்லாந்து, கரையாலேயே உயிர் வாழும் நாடு. 1995-இல் ரைன், மாஸ் ஆறுகள் பெருகியபோது கரை உடையுமோ என்று அஞ்சி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரை உடையவில்லை. இருந்தும், இனி உயர்த்திக்கொண்டே போக முடியாது என்று முடிவுசெய்து, ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் ஒன்றை முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நிறைவேற்றினார்கள். நைமேகன் நகருக்கு எதிர்க்கரையில் இருந்த கரையை 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். வீடுகளை எடுத்தார்கள், இழப்பீடு கொடுத்தார்கள். அவர்கள் நாட்டு நிலம் நம் நிலத்தைவிட மலிவானதல்ல.

இந்த மலையடிவாரத்துக்கு என் கருத்தைச் சொல்கிறேன். மலைமேல் கரைக்கு வேலையில்லை. அங்கே வேண்டியது நேரத்தை நீட்டுவது. சாமை விளையும் சரிவுகளில் கல் வரப்பு, கானாறுகளில் சிறுசிறு கல் தடுப்பு, சரிவில் மரம். நாகநதிப் படுகையில் நூறு நாள் வேலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் தடுப்பணைகளும் நீர் செறிவுக் கிணறுகளும் கட்டியது நாடறிந்த செய்தி. நிலத்தடி நீருக்காகச் செய்த அந்த வேலை சிறு வெள்ளங்களையும் தணிக்கும். அதே நேரத்தில், ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் முதல் நாளில் பதிவானதுபோல் ஐம்பது சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டினால் காடும் கல் வரப்பும் போதாது. அந்த மழையில் ஏரி நிரம்பிப் பாய்ந்த நீர், சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியிருந்தது. அத்தகைய நாளுக்குத்தான் கரை.

ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் விரியும் இடங்களில், வயல்வெளியில், கரையை ஆற்றை ஒட்டிக் கட்டக் கூடாது. தள்ளிக் கட்ட வேண்டும். தள்ளிப்போனால் கரை தாழ்வாக இருந்தாலே போதும், செலவும் குறையும். இடையிலுள்ள நிலத்தில் பயிர் செய்யலாம், வீடு கட்ட விடக்கூடாது. வெள்ளம் ஏறும் ஆண்டில் அந்த உழவருக்கு இழப்பீடு சட்டப்படி கிடைக்க வேண்டும். ஊரைக் காக்க அவர் தன் வயலைக் கொடுக்கிறார். அவர் மனுவோடு தாலுகா அலுவலகத்தில் நிற்கும் நிலை வரக் கூடாது.

வாணியம்பாடி, ஆம்பூர் போல ஆற்றை ஒட்டியே தெருக்கள் வளர்ந்துவிட்ட ஊர்களில் பின்வாங்க இடமில்லை. அங்கே சுவர் வேண்டும், ஆழமான அடித்தளத்தோடு. சுவர் ஆற்று நீரை வெளியே நிறுத்தும்போது தெருவின் மழைநீரையும் உள்ளேயே நிறுத்திவிடும். சாக்கடைகள் ஆற்றில் சேரும் ஒவ்வொரு வாயிலும் ஒருவழிக் கதவு வேண்டும், கதவு மூடிய பிறகு நீரை இறைக்க மோட்டார் வேண்டும், மின்சாரம் போனால் டீசல் வேண்டும். இவற்றுக்கு ஒதுக்க மனமில்லாமல் சுவருக்கு மட்டும் ஒதுக்கினால் ஊர் தன் மழையிலேயே மூழ்கும்.

கரைக்கும் சுவருக்கும் கோடி வைக்க வேண்டும். இந்த மட்டத்துக்கு மேல் நீர் ஏறினால் இந்த ஏரிக்கு, இந்தத் தரிசுக்கு, இந்த வாய்க்காலில் இறங்க வேண்டும் என்று கல்லால் கட்டி, வரைபடத்தில் குறித்து, கிராமசபையில் படித்துக் காட்ட வேண்டும். பாலாறு, செய்யாற்றின் இருபுறமும் வறண்டு கிடக்கும் ஏரிகளுக்குப் போகும் வரத்துக்கால்களைத் திறந்து வைத்தாலே பாதிக் கோடி தயார். நம் முன்னோர் வெட்டிய கால்கள் அவை. பல இடங்களில் மேலே கட்டடம் நிற்கிறது.

கடைசியாக, கரையோரத்து ஊர்களுக்கு. புரட்டாசி பிறப்பதற்குள் உங்கள் பங்குக் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள். வளைகளை மண்ணிட்டு இறுக்குங்கள். கரைமேல் முளைத்த மரக்கன்றைப் பெரிதாகும் முன் எடுங்கள், புல்லை விடுங்கள். மாடு ஏறி இறங்கித் தேய்ந்த இடத்தை மேடாக்குங்கள். மணல் மூட்டைகளை எங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். வெள்ளம் நிற்கும் இரவில் கரையின் வெளிப்பக்கத்து அடியில் டார்ச் அடித்துக்கொண்டு, தனியாகப் போகாமல், சேர்ந்து நடங்கள். நீர் ஊறி வந்தால் அதைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக வந்தால், சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, அந்த நீரை அதற்குள் உயர விடுங்கள். அடைக்க முயலாதீர்கள், அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். மண் கலந்து செந்நீராக வந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. அப்போது மூட்டை தேட நேரமில்லை. தாழ்ந்த தெருவிலிருந்து தொடங்கி, முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் எழுப்பி, ஊரை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.